தண்ணீர் படக் கூடாத படம்

என் வீட்டுக்காரர் லாயிட்டுக்கு இல்லை என்று சொல்ல வராது. அதுதான் அவருடைய வியாதி. ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு ரிடையர் ஆனவர். எங்கள் பெண் டீனா படிக்கும்போது வாங்கிய பிரிண்டர் இப்போது லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்துக்கே பொதுச் சொத்து. ஆதார் நகலா, ஞானஸ்நான சர்டிஃபிகேட்டா, சாவுப் பூசைக்குப் பாட்டுத் தாளா, எல்லாவற்றுக்கும் "அங்கிள் இருக்காரா?" இவரும் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்படி வாரி வழங்கினால் கம்பெனி மை கட்டுப்படியாகுமா? எஸ்.பி. ரோட்டில் டூப்ளிகேட் கார்ட்ரிட்ஜ் வாங்கிவந்து மாட்டினார். ஒவ்வொரு தடவையும் அந்த மெஷின், இது ஒரிஜினல் இல்லை என்று காட்டும். இவர் ஓகேயை அமுக்குவார்.

"மெஷினுக்கு இருக்கிற புத்திகூட உங்களுக்கு இல்லியே" என்பேன்.

"பாக்க ஒண்ணும் வித்தியாசம் இல்ல ஆஞ்சலா. தண்ணி மட்டும் படக்கூடாது, அவ்ளோதான்."

போன ஜூலையில் பக்கத்து வீட்டுக் கேத்தரினின் ஒரே பிள்ளை டிரேவர் ரிங் ரோட்டில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். இருபத்து நாலு வயது. அடிபட்ட முகம் என்று பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். பெற்றவளுக்குக்கூடத் திறந்து காட்டவில்லை. மண் இறங்க ஒரு வருடமாவது ஆகும், அப்புறம்தான் கல்லறைக்குக் கல். அதுவரை பெயர் எழுதின மரச் சிலுவைதான். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள், மகன் படம் இருந்த போனை நீட்டிக்கொண்டு கேத்தரின் வந்து நின்றாள்.

"பெருசா ஒண்ணு அடிச்சுக் குடுங்கண்ணா. ஃபாதர் மந்திரிக்க வரும்போது எம்புள்ள மூஞ்சி அங்க இருக்கணும்."

போட்டோ தாளில் அடித்தார். முன்பல்லில் சின்ன உடைசல்வரை அவன் சிரிப்பு அப்படியே வந்திருந்தது. லேமினேட் பண்ணித் தருகிறேன் என்றார். வேண்டாமாம். "பிளாஸ்டிக்குக்கா முத்தம் குடுப்பேன்?" என்று கேட்டாள். "மழ வந்தா குட பிடிச்சுக்கம்மா, தண்ணி பட்டா கலைஞ்சிடும்" என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் தூறல். நாங்களும் போயிருந்தோம். கேத்தரின் படத்தைச் சிலுவையில் சாய்த்து வைத்து, குடையைத் தனக்குப் பிடிக்காமல் படத்துக்குப் பிடித்தபடி குந்தியிருந்தாள். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும் இவள் என்ன செய்தாள் தெரியுமா? தீர்த்தம் மகன்மேல் படட்டும் என்று குடையைத் தள்ளிப் பிடித்தாள். நாங்களும் பக்தியாகக் கைகூப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்கள், தீர்த்தமும் தண்ணீர்தான் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலு சொட்டுதான் இருக்கும். பிள்ளையின் கன்னத்தில் விழுந்ததை முந்தானையால் துடைத்தாள். கண்ணும் மூக்கும் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போயின.

"தொடைக்காதம்மா! உட்டுடு!" என்று இவர் கத்தினார். அவள் பதறிப்போய் இன்னும் வேகமாகத் துடைத்தாள். சிரிப்பும் போயிற்று.

இவர் சேற்றில் மண்டியிட்டார். "இங்க் சரியில்லம்மா, டூப்ளிகேட் இங்க். என் தப்பு. வீட்டுக்குப் போனதும் வேற அடிச்சுத் தரேன், எத்தன வேணாலும் தரேன்" என்று கெஞ்சினார். கம்பெனி மையாக இருந்தால் நின்றிருக்குமோ என்னவோ, கடவுளுக்குத்தான் தெரியும். தினமும் திட்டுகிற நான் என் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

கேத்தரின் முந்தானையில் ஒட்டியிருந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்லாத்தான் அடிச்சீங்கண்ணா" என்றாள். "எம்புள்ள மூஞ்சிய நான்தான் அழிச்சிட்டேன்."