நீல நம்பர் பிளேட்டும் நான் சொன்ன ரெண்டு பொய்யும்

ஏனுங்க, கஸ்டமர் கேட்டதை அப்படியே செஞ்சு கொடுத்து மாட்டிக்கிட்டவங்க உங்கள்ல எத்தனை பேருங்க? ஸ்டிக்கர் கடை வேலையில வெட்டுறதும் ஒட்டுறதும் சுலபம். ஒட்டக்கூடாததைத் தெரிஞ்சுக்கறதுதான் பாடு.

ஷேடு மேட்ச்

கல்யாணத்துக்கு முன்னாடி பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தேன். பையர், அதான் வெளிநாட்டுல இருந்து துணி வாங்கறவர், சாம்பிள் கொடுத்தா கேள்வி கேக்கப்படாது, கலர் ஷேடு மட்டும் மாறாம வரணும். பாப்பா பிறந்தப்புறம் வீட்டுப் பக்கத்து ஸ்டிக்கர் கடைக்கு வந்தேன். அந்தப் பழக்கமும் கூடவே வந்துருச்சு.

கடைக்காரக்கா கல்யாணத்துக்குப் போயிருந்த ஒருநாள், எக்ஸ்போர்ட் கம்பெனி டிரைவர் மூர்த்தி அண்ணன் ஒரு போட்டோ காட்டினார். நீல நம்பர் பிளேட், வெள்ளை எழுத்து. வெளிநாட்டு பையரைக் கூட்டிவர அவங்க காருக்கும் அதே கலர்ல வேணுமாம். எழுத்து எவ்வளவு பெருசுன்னு கேட்டேன். அவர் கம்பெனி ஓனருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சார். "நல்லாப் பளிச்சுன்னு போடச் சொல்லு" என்றார் ஓனர். நாலு ரோல் நீல ஸ்டிக்கரைப் போட்டோ பக்கத்துல வெச்சுப் பார்த்து, அச்சு அசலா ஒட்டிக் கொடுத்தேன். எனக்கு ஒரே பெருமை.

"கண்ணு, எங்க கம்பெனித் துணிகூட இத்தனை மேட்ச் ஆகாது" என்றார் மூர்த்தி அண்ணன்.

ஒரு எழுத்து

அடுத்த நாள் ரிட்டயர்டு கவர்மெண்ட் ஆபீசர் ஒருத்தர் ஸ்கூட்டருக்குச் சிவப்புல "அ" கேட்டு வந்தார். அக்கா முடியாதுன்னுட்டாங்க. "அ"வும் G-யும் அரசாங்க வண்டிக்கு மட்டும்தானாம். சொந்த வண்டியில ஒட்டினா கேஸாம். "இப்படித்தான் நீலம் கேட்டும் வருவாங்க. அது வெளிநாட்டுத் தூதரகக் காருக்கு. நீ யாருக்காச்சும் ஒட்டினியா?" என்று என்னைக் கேட்டாங்க.

"இல்லீங்கக்கா" என்றேன். மூர்த்தி அண்ணனுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணலை. ரெண்டு நாள்ல பையர் போயிருவார், பிளேட்டும் போயிரும்னு நெனச்சேன்.

பெரியவர் மட்டும் நகரலை. "முப்பது வருசம் ஆபீசுக்கு உழைச்சேன், ஒரே ஒரு எழுத்துக் கொடுக்க மாட்டீங்களாம்மா?"

இதுவும் இல்லையா

பிளேட் போகலை, காரே போயிருச்சு. அவிநாசி பைபாஸ்ல போலீஸ் புடிச்சு ஸ்டேஷன்ல நிறுத்திட்டாங்க. ஓனர் தனக்கு ஒண்ணும் தெரியாது, டிரைவர் பந்தாவுக்குப் பண்ணினதுன்னு கையை விரிச்சுட்டார். மூர்த்தி அண்ணன் கடைப் பேரைச் சொல்லலையாம். அதனால எஸ்.ஐ. அவரைக் கூட்டிக்கிட்டு, பிளேட்டையும் எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஸ்டிக்கர் கடையா ஏறி இறங்கினார். எங்க கடைக்கும் வந்தார்.

"நீ ஒட்டினதாம்மா? இந்தாளுக்கு வேலை போகப்போகுது, லைசென்சும் போகும்" என்றார். ஓனர் போன்ல பேசினதை, டிரைவரைத் தவிர, கேட்ட ஆள் நான் ஒருத்திதான். மூர்த்தி அண்ணன் தரையையே பார்த்துக்கிட்டு நின்னார். என்னைக் காட்டிக் கொடுக்கலை. நான்? "எங்க கடையில இல்லீங்க சார்."

எஸ்.ஐ. பிளேட்டைத் தட்டிக்கிட்டே சொன்னார்: "எல்லாக் கடையிலயும் இதே பதில்தான். இதுவும் இல்லையா? அப்ப காருக்குத் தானா நீலம் பாரிச்சிருச்சு போல."

ரெண்டு பஸ்

அன்னிக்கு ராத்திரி பூரா அந்த மனுசன் குனிஞ்சு நின்ன நிப்பே கண்ணுல நின்னுது. காலையில அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பாப்பாவை இடுப்புல தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "ஒட்டினது நான்தாங்க சார். போடச் சொன்னது ஓனருங்க, ஸ்பீக்கர்ல என் காதால கேட்டேன்."

"நேத்து கேட்டப்ப வாயில என்னம்மா இருந்துச்சு?" என்றார் எஸ்.ஐ. பாப்பா அவர் தொப்பியை எட்டிப் புடிக்கப் பார்த்துச்சு. என்னால தலை நிமிர முடியலை.

ஓனரைக் கூப்பிட்டாங்க. அவர் வந்து, நான் கேட்டதை எஸ்.ஐ. எடுத்துச் சொன்னதும், என் கண்ணு முன்னாடியே தலையைத் தொங்கப்போட்டு ஒத்துக்கிட்டார். அபராதம் அவருக்கு, எச்சரிக்கை எங்க கடைக்கு. மூர்த்தி அண்ணன் வேலை தப்பிச்சது. அக்கா ஒரு வாரம் எங்கூடப் பேசலை, அது நியாயம்தான்.

"இல்லீங்க"ன்னு சொல்ல எனக்கு ஒரு நொடி ஆச்சு, அதைத் திருப்பி எடுக்கக் கைக்குழந்தையோட ரெண்டு பஸ் மாறவேண்டியதாப் போச்சு.

ஸ்டேஷன் வாசல்ல, "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்றேன். மூர்த்தி அண்ணன் பாப்பா கன்னத்தைத் தட்டிட்டுச் சொன்னார்: "அதை விடு கண்ணு. இனி நான் எதையாச்சும் ஒட்டச் சொன்னா, தயவுசெஞ்சு ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிப்போடு."