டிசம்பரில் ஒரு ஃபேன்

கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் தெரு கிளப் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வினாடிவினா நடத்தும். இலக்கியம், சாப்பாடு, பானங்கள், வரலாறு என்று நான்கு சுற்று. இருவர் இருவராகச் சேரவேண்டும். நானும் என் கணவரும் இருபது வருடமாக ஜோடி. சாப்பாடு என் பொறுப்பு, வரலாறு அவருடையது. மற்ற இரண்டிலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிப்போம்.

அவர் பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசினாலும் கோபமும் கனவும் அவருக்கு வங்காளத்தில்தான் வரும். நான் கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து வந்தவள். முப்பது வருடமாகியும் என் வங்காளம் காய்கறிக்காரரைத் தாண்டவில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன, பேச்சுதான் திரும்பவில்லை. நாளைக்கு நாலைந்து வார்த்தை, அதுவும் குழறலாக. ஒரு நாள் கொட்டும் மழையில் வாசலைப் பார்த்து "சாத்தா" என்றார். சாதம் கேட்கிறார் என்று தட்டை வைத்தேன். தள்ளிவிட்டார். அப்புறம் நானே ஊகித்து எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டேன். பழைய மனுஷர் உள்ளே இன்னும் இருக்கிறாரா என்று நினைக்கவே பயமாக இருந்தது. இந்த வருடமும் பெயர் கொடுத்தது அதற்காகத்தான். ஒரே ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.

அன்று மதியம் வெயில் ஜன்னல் வழியே வந்து ஜமக்காளத்தில் படுத்துக்கொண்டது. ஏரிப் பக்கம் பனி முழுதாக விலகவில்லை. புதுவெல்லம் போட்ட சந்தேஷ் மிட்டாய்த் தட்டு கை மாறி வந்தது. கேள்விகள் அரைத்தூக்கத்தில் கேட்கும் ரேடியோ மாதிரி மிதந்தன. டீ முதலில் எந்த நாட்டில்? மிளகுத் தண்ணியிலிருந்து பெயர் வாங்கிய சூப் எது? அதற்குக் கேள்வி முடியுமுன்பே கத்தினேன். அவர் சந்தேஷைக் கையில் பிடித்தபடி வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் கண் சொக்கியது. சாயங்காலமே வராமல் இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

வரலாற்றுச் சுற்று வந்தது. கேள்வி கேட்பவர் ஓய்வுபெற்ற வாத்தியார். எங்கள் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, எனக்காக நிறுத்தி நிறுத்தி வங்காளத்தில் கேட்டார். நாற்பதுகளின் பஞ்சத்தில் கல்கத்தாவுக்கு வந்தவர்கள் வீட்டு வாசலில் நின்று சோறு கேட்கவில்லை. சோறு கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். வேறென்ன கேட்டார்கள்?

எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து என் கணவர் என் கையைத் தொட்டார்.

"ஃபேன்."

"ஏன்னா, வேர்க்கறதா?"

"ஃபேன்," என்றார் மறுபடியும், அழுத்தி.

பாவம், உடம்புக்கு என்னவோ என்று எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டேன். கூட்டம் ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டது. வாத்தியாரிடம் "பாஸ்" என்றேன்.

அடுத்த ஜோடி பதில் சொன்னது. "ஃபேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். வாத்தியார் விளக்கம் சொன்னார். சோறு வடித்த கஞ்சிக்கு வங்காளத்தில் ஃபேன் என்று பெயராம். குக்கர் வைக்கிற என் சமையலறைக்குள் அந்தச் சொல் நுழைந்ததே இல்லை.

துள்ளி எழுந்தேன். "இவர் சொன்னார்! முதல்ல இவர்தான் சொன்னார்!"

"பௌதி, நீங்க எழுந்து ஃபேன் போட்டதைத்தான் நான் பார்த்தேன்," என்றார் வாத்தியார், என்னை அண்ணி முறை வைத்து. ஹால் முழுக்கச் சிரித்தது. புள்ளி கொடுக்கவில்லை.

எனக்குப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது. புள்ளி நாசமாய்ப் போகட்டும். சாத்தா என்றால் வங்காளத்தில் குடை. மழையில் காய்கறிக்காரர் தினமும் சொல்கிற சொல். என்னிடம் தமிழ்தானே பேசுவார் என்ற நினைப்பில் தமிழாகவே கேட்டுத் தொலைத்திருக்கிறேன். மனுஷர் ஆறு மாதமாகச் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் காது இல்லை.

அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"ஃபேன்," என்றார்.

பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் போனேன். அப்புறம் உட்கார்ந்து, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவரிடமே கேட்டேன்.

"எந்த ஃபேன்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஷாலைக் காதுவரை இழுத்துக்கொண்டு, விரலைத் தூக்கி மேலே காட்டினார்.