டோக்கன் நம்பர் இருபத்து மூன்று

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. மென்பொருள் வேலையில் சேர்ந்தபின் நான் தனியாகச் செய்த முதல் காரியம் அங்கேதான். நோயாளிகளை வரிசைப்படி உள்ளே அனுப்ப ஒரு டோக்கன் முறை அமைக்க வேண்டும்.

யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதவே பத்து நாள் போனேன். ரயிலை விட்டிறங்கி, காய்கறிக் கடைகளுக்கு நடுவே இடிபட்டு நடந்த அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. டாக்டர், ரிசப்ஷன், மருந்துக் கடை, கண்ணாடிக் கடை என்று ஒருவரையும் விடவில்லை. மொத்தம் நாற்பது பக்கம். டாக்டர் கேட்டது ஒன்றுதான், ஹாலில் சத்தமே இருக்கக் கூடாது. அதுவரை பேரைக் கூவி அழைத்தது அங்கிருந்த ஓர் உதவியாளர். என் வயதுதான் இருக்கும். எனக்கு டீ கொண்டுவந்து வைத்ததும் அவர்தான்.

சுவரில் பெரிய டிவி மாட்டி நம்பர் ஓடவிட்டேன். மணி கிடையாது, குரல் கிடையாது. தொடங்கிய அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். குண்டூசி விழுந்தால் கேட்கும் அந்த ஹாலில், தலைகால் புரியாத பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் அரிந்து கொடுப்பவராம்.

"இன்னா நம்பர் ஓடுது பாப்பா?"

"அதோ, அவ்வளவு பெருசா போட்டிருக்கே" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

"கண்ணுல மருந்து ஊத்திக்கீறாங்கம்மா. எல்லாம் புகையாட்டம் கீது."

அவர் கையில் இருந்த சீட்டு இருபத்து மூன்று. டிவியில் நாற்பத்தொன்று. ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். அடக் கடவுளே! சோதனைக்காக மருந்து விட்டுக்கொண்டு, பாதிப் பேர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். என் நாற்பது பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

டாக்டர் ஒரு மணிக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பிவிடுவார். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

"ஒரு கண்ணு போன வருசமே பூட்ச்சு. இதுவும் பூட்டா கத்தி எப்டி புடிக்கிறது?" என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்.

உதவியாளரிடம் ஓடினேன். கையிலிருந்த டீத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தவர், பழையபடி பேரைக் கூவி, தோளைத் தொட்டு, ஒவ்வொருவராகக் கைபிடித்து உள்ளே விட்டார். டாக்டர் தாமதமாகத்தான் கிளம்பினார், ஆனால் எல்லோரையும் பார்த்தார். மீன்கார அம்மாவின் கண்ணில் அழுத்தம் ஏறியிருந்ததாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர்.

"உங்களுக்கு இது தெரியும்தானே, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்று உதவியாளரிடம் ஆற்றாமையோடு கேட்டேன்.

"டீ கேட்டீங்க, குடுத்தேன். வேற இன்னா கேட்டீங்கோ மேடம் என்னை?" என்றார், சிரித்துக்கொண்டே.

அன்றே டிவியை அவர் நிற்கும் பக்கம் திருப்பி மாட்டினேன். நம்பரை அவர் பார்ப்பார், பேரைச் சொல்லி அழைப்பார்.

இன்று எந்தப் புது அலுவலகத்துக்குப் போனாலும், டீ கொண்டுவருபவரை எதிரே உட்காரவைத்துத்தான் முதல் கேள்வியைக் கேட்கிறேன். டீ ஆறினால் ஆறட்டும். மருந்தே விடாமல் அன்று அந்த ஹாலில் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.