காதுராஜாவின் தொப்பி

"இன்ஜின் எங்கிட்ட பேசும். அதுக்கு உடம்புக்கு என்னன்னு என் காதுக்குத் தெரியாம எந்த மீட்டருக்குத் தெரியப் போகுது?"

மெத்தைக் கம்பெனி முதலாளி ஒருவர் விமானச் சங்கத்தின் டீ மேசையில் இப்படி முழங்கியபோது யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை. மனித குலத்தின் நன்றிகெட்டதனத்துக்கு அது இன்னொரு சான்று. கைதட்டலுக்குப் பதிலாக ஒரு பட்டம் கொடுத்தார்கள்: காதுராஜா.

காதுராஜாவிடம் சொந்தமாக ஒரு குட்டி விமானம் இருந்தது. நாலு இருக்கை, மூக்கில் ஒற்றை இன்ஜின், அதில் ஆறு சிலிண்டர். ஆறுக்கும் சேர்த்து வெப்ப மீட்டர் ஒன்றே ஒன்று. அதுவும் ஐந்தாவது சிலிண்டரின் சூட்டை மட்டுமே காட்டும். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று அறிவிக்கும் ஏற்பாடு அது.

இதை எடுத்துச் சொன்னவர் விமான மெக்கானிக். காதுராஜாவின் மனைவிக்குத் தம்பி. உடனே அக்கா நிபந்தனை போட்டார். ஆறு சிலிண்டரையும் தனித்தனியே காட்டும் திரையை மாட்டாமல் அந்த வண்டியில் கால் வைக்கப் போவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மகள் புது வீடு கட்டியிருந்தாள். அம்மா இல்லாமல் அப்பா மட்டும் போய் இறங்கினால் கதவு திறக்குமா என்பதே சந்தேகம். காதுராஜா பணிந்தார். திரை வந்தது, அதில் ஆறு பச்சைத் தூண்கள் எழுந்தன.

பணிந்தாரே தவிர தோற்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றித் திரையின் மேல் மாட்டிவிட்டார். கண் கூசுகிறது என்பது வெளியில் சொன்ன காரணம்.

வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத உசத்தியான ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான் அவர் இன்ஜினைக் காது கொடுத்துக் கேட்பது வழக்கம். இதிலுள்ள முரணை யாரும் சுட்டிக்காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

மலைக்காட்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது மனைவியின் முகத்தில் வெயில் அடித்தது. கைக்கு எட்டிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, அஞ்சு பச்சையா இருக்கு. மூணாவது மட்டும் ஏன் செவப்பா வளருது?"

காதுராஜா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். சத்தம் சுத்தமாக இருப்பதாகவும், பொய் சொல்வது திரைதான் என்றும் தீர்ப்பளித்தார். பழைய மீட்டரும் ஐந்தாம் பிள்ளையைத் தொட்டுப் பார்த்து ஆமாம் போட்டது.

"கொஞ்சம் கண்ணத் தொறந்து கேளுங்க."

திறந்தார். சிவப்புத் தூண் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. கீழே சக்கரம் வைக்க ஒரு மைதானம்கூட இல்லை, எங்கும் மரம். ராஜாவைக் காது கைவிட்டிருந்தது. நல்லவேளையாகக் கை கைவிடவில்லை. இன்ஜினின் வேகத்தைக் குறைத்தார், சூடு தணிய எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாக விட்டார். தூண் தயங்கி நின்று, பிறகு மனமில்லாமல் இறங்கத் தொடங்கியது. பள்ளத்தாக்கில் இருந்த சின்ன விமானத்தளத்தை நோக்கித் திருப்பினார். சக்கரம் தரையைத் தொட்டது.

"இப்ப மூச்சு விடலாமா?" என்று மனைவி கேட்டார். இருவரும் விட்டார்கள். ஓடுபாதையில் சும்மா முளைத்திருந்த புல்கூட அன்று காதுராஜாவுக்கு அழகாகத் தெரிந்தது.

மெக்கானிக் தம்பி காரில் வந்து சேர்ந்து, மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினார். அதன் பீங்கான் விரிசல் விட்டிருந்தது; அதனால்தான் எரிபொருள் முன்கூட்டியே பற்றிச் சூடேறியிருக்கிறது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தார், பிஸ்டன் பிழைத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் போயிருந்தா பிஸ்டன்ல ஓட்டை விழுந்திருக்கும் மாமா. காதுக்கு அதுக்கப்புறம்தான் சேதி வரும்."



பிளக் மாற்றி, விமானம் ஊர் திரும்பி, அடுத்த முறை மகள் வீட்டுக்குக் கிளம்பிய நாளில் டீ மேசையே எழுந்து வழியனுப்ப வந்துவிட்டது. ராஜா, இன்ஜின் இன்றைக்கு என்ன பேசுகிறது என்று ஒருவர் கேட்டார்.

தொப்பி மனைவியின் தலையில் இருந்தது. காதுராஜா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. தனக்குத் தேவையே இல்லை என்று இத்தனை நாள் சாதித்துவந்த மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, திரையை நோக்கிக் குனிந்தார். ஒவ்வொரு தூணாக விரல் வைத்துப் பார்த்தார். மூன்றாவதை மட்டும் இன்னொரு தடவை பார்த்தார்.