குழாய்க்கு ஒரு கையெழுத்து

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் எக்ஸ்ரேம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், முப்பத்தொரு வருஷமாக ஊராரின் எலும்புகளைப் படம் பிடித்துவந்தவள். கணவர் போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் கடல் தாண்டி வேலையில் இருந்தாள். முழங்கால் இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடித்தன. வீட்டை விற்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கீழ்த்தள ஃபிளாட் ஒன்றுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

தரகர் வேண்டாம், நானே விற்கிறேன் என்றதும் அவள் அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பத்திர வேலை விளையாட்டில்லை, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நிற்பாய் என்றார். அவள் கடைக்குப் போய் ஒரு நீல ஃபைல் வாங்கினாள். மூலப் பத்திரம், வரி ரசீதுகள், கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தன் பங்கையும் விற்க மகள் எழுதி அனுப்பிய அதிகாரப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தன. வீட்டுக் கடன் தீர்ந்ததாக வங்கி கொடுத்த கடிதத்தில் கணவர் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதைத் திருத்த மூன்று முறை நடந்தாள். மூன்றாம் முறை மேலாளரே எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாங்க வந்தவர்கள் ரொட்டிக்கடை நடத்தும் இளம் தம்பதி. விலை படிந்ததும் வீட்டின் குறைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்தாள். மழை பெய்தால் பின்னறை ஜன்னல் உப்பிக்கொள்ளும், தட்டித்தான் திறக்க வேண்டும். மாடித் தொட்டியின் மிதவை சில நேரம் சிக்கிக்கொள்ளும். கடைசி வரியில், குளியலறைக் கழிவுநீர்க் குழாய் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு அடியில் போகிறது என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார் தம்பதியின் வக்கீலம்மா. பதிவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. குழாய் அந்த வழியாகப் போக உரிமை உண்டு என்று பத்திரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தம்பதிக்கு வங்கி கடன் தராது என்றார்.

"உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டயே," என்றார் அண்ணன். "மண்ணுக்கு அடியில கிடக்கிற குழாய். எவன் கண்ணுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேண்ணா," என்றாள் அவள்.

பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவரோடு பேச்சு நின்று பதினோரு வருஷம். அதற்குக் காரணமே அந்தக் குழாய்தான். அது உடைந்து அவர் முற்றம் நாறிய அன்றைக்கு அவர் வீட்டில் விருந்தாளிகள். அவர் சத்தம் போட, இவள் கணவர் பதிலுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்த்தும் பாராமல் இருந்தன. அவளும் அன்று நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவளுக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபைலோடு போய் மணியை அழுத்தினாள். அவரே கதவைத் திறந்தார். என்ன ஏது என்று கேட்காமல் நாற்காலியைக் காட்டினார். அவள் விஷயத்தைச் சொல்லி, வக்கீலம்மா எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். சமையலறையில் குக்கர் இரண்டு விசில் அடித்து ஓய்ந்தது.

"நாளைக்கு உடைஞ்சா என் முற்றத்தைத் தோண்டுவாங்க. திரும்பச் சரியா மூடணும்னு இதுல இல்லையே," என்றார்.

"நியாயம்தாங்க. எழுதுங்க, சேர்த்துடச் சொல்றேன்."

பேனாவை எடுத்து ஓரத்தில் அந்த வரியை எழுதினார். பிறகு தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் தவறின அன்னிக்கு வந்தேம்மா. கேட் வரைக்கும் வந்துட்டேன். உள்ள வர்றதுக்குக் கால் வரல."

"பார்த்தேன். நான் வந்து கூப்பிட்டிருக்கணும்," என்றாள் அவள். "அந்தச் சண்டை அன்னிக்கும் நான் வாயைத் திறந்திருக்கணும். தப்பு எங்க குழாய் மேலதான்."

அவர் தலையசைத்துத் தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். உள்ளே இருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அதற்குப் பிறகு மூவரும் முழங்கால் வலியைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வக்கீலம்மா திருத்தி அடித்துக் கொடுத்த தாளில் அவர் கையெழுத்துப் போட்டார்.

பதிவு நாளன்று அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. வங்கியிலிருந்து ஆள் வந்திருந்தார். வரைவோலையில் பெயர், தொகை, தேதி மூன்றையும் அவள் விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்தாள். அண்ணன் ஒரு சாட்சி, ரொட்டிக்கடைக்காரரின் மாமா ஒரு சாட்சி. எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது, கைரேகை வைக்கும் வரை. எக்ஸ்ரே ஃபிலிம் கழுவும் மருந்துகளில் ஊறி ஊறி அவள் விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. இயந்திரம் மூன்று முறை மறுத்தது. எழுத்தர் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இடது கட்டைவிரலை வைக்கச் சொல்லி, அசையாதீங்கம்மா என்றார். காலமெல்லாம் ஊராருக்குத் தான் சொன்னதைத் தனக்கு ஒருவர் சொல்லக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கி மூச்சைப் பிடித்தாள். இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

மத்தியானம் தம்பதியோடு வீட்டுக்குப் போய் மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் பார்த்து எண்ணைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சாவிகளைக் கொடுத்தாள். வாசலைத் தாண்டும்போது அழுகை வரவில்லை. வரும் என்று கைக்குட்டை எடுத்து வைத்திருந்தாள்.

புது ஃபிளாட்டுக்குக் காரில் போகும் வழியில் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தன் மச்சினனும் வீட்டை விற்கப் பார்க்கிறானாம், தரகர் இழுத்தடிக்கிறாராம், அந்தக் காகிதங்களை அவள் ஒருமுறை பார்த்தால் தேவலை என்றார், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"அடுத்த வாரம் வரச் சொல்லுங்கண்ணா," என்றாள் அவள். "இப்ப நீங்க கொஞ்சம் இருந்து, புது வீட்டுக்குத் திரை மாட்டிக் கொடுத்துட்டுப் போங்க. நாற்காலி மேல ஏற என்னால முடியாது."