ஒரே நூல், இரண்டு வில்

வில்வித்தை பழகியது முதலில் நான்தான். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்ததும் மாலையில் டவுன்ஷிப் மைதானத்துக்குப் போவேன். குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்று மனைவியையும் கூட்டிப்போனேன். கொஞ்ச நாள் என் அம்புகளைப் பிடுங்கிக் கொண்டுவந்து தந்தவள், ஒருநாள் பயிற்சியாளரிடம் கேட்டு ஒரு வில்லைக் கையில் எடுத்தாள். அடுத்த மழைக்காலத்துக்குள் என்னைத் தாண்டிவிட்டாள்.

"சார், உங்க வூட்டம்மா எய்றத பாத்துக் கத்துக்குங்க" என்றார் பயிற்சியாளர், எல்லார் முன்னாலும். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் என் வில்லைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் வில்லுக்கு நாண் கட்டித் தருவதே நான்தான். பலகையில் முடுக்கிய இரண்டு போல்ட்டுகளைச் சுற்றி, எளிதில் நீளாத நூலை இழை இழையாக ஓட்டுவேன். வில்லின் முனைகளில் மாட்டும் கண்ணிகளுக்கும், அம்பு உட்காரும் நடுப்பகுதிக்கும் மேலே வேறு நூலை நெருக்கிச் சுற்றுவேன். பிறகு மெழுகு தேய்த்து, உள்ளங்கை சுடும்வரை உருவிவிடுவேன். இரண்டு வில்லும் ஒரே நீளம். இழுக்கத்தான் என்னுடையது அதிகக் கனம். ஆம்பிளைக்கு அதுதான் அழகு என்று வாங்கியது. இரண்டுக்கும் ஒரே நூல், ஒரே கை. ஆனால் அவள் எய்தால் நாண் மெல்ல முனகி அடங்கும். என் நாண் முன்கையில் அறைந்து கன்றவைக்கும்.

அவளுடையதை மட்டும் என்னை அறியாமல் நன்றாகக் கட்டிவிட்டேன் என்று நம்ப ஆரம்பித்தேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"உன் நாண எனக்குக் குடு."

"எடுத்துக்குங்க" என்றாள் சாதாரணமாக.

மாற்றிக்கொண்டோம். என் நாணை வைத்தும் அவள் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்திலேயே அடித்தாள். எனக்குக் கையில் புதிதாக ஒரு தடிப்பு.

மாவட்டப் போட்டிக்கு முன்னால் அவள் நாணில் கண்ணி நைந்துவிட்டது. புதிது கட்டினேன். புது நாண் முதலில் சற்று இழுபடும். எய்து எய்துதான் நிலைக்கு வரும். அவள் குறிஞ்சிப்பாடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால், அவள் வில்லை எடுத்துக்கொண்டு நானே மைதானத்துக்குப் போனேன்.

அம்புகள் மஞ்சளில் போய்க் கொத்தாகக் குத்தி நின்றன. கை கன்றவில்லை. மகிழ்ச்சிக்குப் பதிலாக எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த வில்லும் அவளுடையதுதானே!

திரும்பிப் பார்த்தால் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தவள், பையோடு பின்னால் நிற்கிறாள்.

"எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருக்க?"

"கொஞ்ச நேரமாத்தான். உங்க வில்லு உங்களுக்குக் கனம்ங்க. இழுக்கவே பலமெல்லாம் போயிடுது."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் தோத்துக்கினு இருந்தத வேடிக்கை பாத்தியா?"

"சொன்னா கோவிச்சுப்பீங்க. இப்பவே கோவமாத்தான இருக்கீங்க?"

போய் அம்புகளைப் பிடுங்கினேன். மறுநாளே பயிற்சியாளரிடம் லேசான வில் கேட்டு வாங்கினேன்.

போட்டியில் என் இடம் எங்கோ நடுவில். பழைய கணக்குக்கு அது உயர்வுதான். அவள் பெண்களில் இரண்டாவது. முதலில் வந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். பெயரை அறிவித்தபோது எனக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி பரவியது. இவளையும் மிஞ்ச ஒருத்தி இருக்கிறாள்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். குள்ளஞ்சாவடி தாண்டியதும் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு கைய பாத்தீங்களா? கொஞ்சம்கூட ஆடல. எனக்கு வயிறு எரியுதுங்க."

"எனக்கும்தான்" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். தனக்காகத்தான் எரிகிறது என்று நினைத்திருப்பாள்.