மீனம்பாக்கத்துக்கு அப்புறம் மீதித் தூரம்

கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஓர் இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை. "நாற்பது நிமிஷம்" என்பார்கள். அதே நாற்பது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தும் விடுகிறோம். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது விநோதமாகத்தான் இருக்கிறது.

சிங்கி இறாலைப் பனிக்கட்டியில் அடுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தங்கை செல்வியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று லீவு கேட்டபோது, பக்கத்தில் நின்று வேலை செய்யும் பிரையன் போனில் தட்டிப் பார்த்தான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பாதி உலகம் கிடக்கிறது, லண்டனில் மாறினால் ஒரு நாளில் போய்விடலாம் என்றான்.

"அங்கிருந்து உன் வீடு?"

"அதைச் சொல்ல முடியாது."

"ரோடு இல்லையா?"

"ரோடு இருக்கு. அது மேல லாரி இருக்கு."

அவனுக்கு என்ன புரிந்ததோ, மறுநாள் காட்டுவழிக்கு உதவும் என்று ஒரு டார்ச் லைட் கொடுத்தான். கூச்சத்தில் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் தாய்மாமன் கொண்டுவரும் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மனையில் உட்கார வேண்டும். அவளுக்கு நான் ஒரே மாமன். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் புடவை எண்ணூரில் எங்கள் முகத்துவாரக்குப்பம் சேராவிட்டால், கூடியிருக்கும் ஊருக்கு முன்னால் செல்விக்குத் தலைகுனிவு. அதனால் விமானத்தில் பெட்டியே போடாமல், புடவையைக் கைப்பையில் வைத்துக் கிளம்பினேன்.

விமானம் சொன்ன நேரத்துக்கு மீனம்பாக்கத்தில் இறங்கியது. டாக்சி ராயபுரம் வரை ஓடி, நின்றது. கண்ணுக்கு எட்டியவரை, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள். டிரைவர்கள் கீழே இறங்கி, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த லாரிகளுக்கு நடுவே சைக்கிளை உருட்டி வளர்ந்தவன் நான். டிரைவர் சாப்பாட்டைப் பிரித்துவிட்டால் சாயங்காலம் வரை வண்டி நகராது என்று எனக்குத் தெரியும்.

செல்வி போன் செய்தாள். "எங்க கீறண்ணா?"

"ராயபுரம்."

"லாரியா? கனடாவுலேர்ந்து வந்துட்ட, காசிமேடு தாண்ட முடியலியா? பொண்ணு ஈரத்தோட குந்திகினு கீது! எங்க வூட்டுக்காரு தோஸ்து தேசிங்கோட போட்டு காசிமேட்டுலதான் கீது. எறங்கி ஓடு!"

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை ஓடினேன். ஃபைபர் போட்டில் இருந்து தேசிங்கு கை நீட்டினார்.

"இன்னா மாமு, உன் ஏரோபிளேன் எண்ணூருக்கு வராதா? அடுத்த வாட்டி மேலேர்ந்தே குதிச்சுடு."

கடலில் போகும்போது இடது பக்கம் கரையோரம் முழுக்க அதே லாரிகள், ஒன்றும் அசையவில்லை. அத்தனையையும் தாண்டிப் போனோம். உலகத்தின் பாதியைத் தூங்கிக்கொண்டே கடந்தவனுக்கு, இந்தக் கொஞ்சம் கடல்தான் பயணமாக இருந்தது.

குப்பத்தில் முழங்கால் தண்ணீரில் குதித்தேன். கைப்பை தலைமேல். மேளக்காரர்கள் கடலைப் பார்த்துத் திரும்பி வாசிக்க ஆரம்பித்தார்கள். செல்வி பையைப் பிடுங்கினாள். "ஷூவோட குதிக்கிறாரு பாரு, தொர!" கண் கலங்கியிருந்தது. ராகு காலத்துக்கு முன்பே மருமகள் என் புடவையில் மனையில் உட்கார்ந்தாள்.

திரும்பி வந்த முதல் நாள் பிரையன் என் ஷூவைப் பார்த்தான். ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. இங்கே பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். "ரோட்டு உப்பு ஷூவின் தோலை அரித்துவிடும், துடைத்துவிடு" என்றான்.

சரி என்று தலையாட்டினேன். துடைக்கவில்லை. அன்று வேலை முடிந்து பனியில் நடந்து வந்தேன். வாசலில் கழற்றும்போது எண்ணூர் உப்பின் மேல் ஹாலிஃபாக்ஸ் உப்பு படிந்திருந்தது. இரண்டும் ஒரே வெள்ளை.